மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் விதிகளின் தேர்வு

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சின் வழியாகவே ஒரு கதையை நகர்த்திச் செல்லும் விளையாட்டு ஆகும். நடுவராக இருப்பவர் கதைக்களத்தை விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு ஐயமாக உள்ள இடங்களில் விதிநூலும் பகடையும் தீர்ப்பளிக்கும். இவ்வகை விளையாட்டுக்குப் பல விதித்தொகுதிகள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதானா, விதி மாறினால் விளையாட்டே மாறிவிடுமா என்பது இத்துறையின் நெடுநாள் விவாதம். இதன் வேர் 19 ஆம் நூற்றாண்டின் பிரசியப் படையில் உள்ளது.

பிரசியப் போர் விளையாட்டு

1824 இல் பிரசியப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், ‘கிரீக்ஸ்பீல்’ என்னும் போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அதிகாரிகள் நிலப்படத்தின் மேல் படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்துவர். தாக்குதலின் விளைவைப் பகடையும் அட்டவணையும் முடிவு செய்யும். படைத் தலைமை இதை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றதாகக் கருதியது.

நாளடைவில் விதிகள் பெருகின, ஆட்டம் மெதுவாகியது. 1876 இல் யூலியஸ் ஃபான் வெர்டி டு வெர்னுவா, அட்டவணைகளை விட்டுவிட்டு, போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று முன்மொழிந்தார். இது கட்டற்ற முறை எனவும், பழையது கண்டிப்பான முறை எனவும் அழைக்கப்பட்டன. கட்டற்ற முறை விரைவானது. ஆனால் நடுவர் தவறினால், அவருடைய தவறே பயிற்சி பெறுபவருக்குப் பாடமாகிவிடும். கண்டிப்பான முறையில் அனைவருக்கும் ஒரே அளவுகோல் உண்டு. ஆனால் அட்டவணையில் இல்லாத சூழல் வந்தால் அது திணறும். பிற்கால விவாதத்தின் இரு தரப்புகளும் இங்கேயே உருவாகிவிட்டன.

அமெரிக்காவில் தொடக்கம்

1880 இல் அமெரிக்கரான சார்லஸ் டாட்டன் ‘ஸ்ட்ராடெகோஸ்’ என்ற போர் விளையாட்டு நூலை வெளியிட்டார். மினசோட்டா மாநிலத்தின் டேவிட் வெஸ்லி, நடுவரின் அதிகாரம் பற்றிய கருத்தை இந்நூலிலிருந்து பெற்றார். 1969 இல் அவர் நடத்திய ‘பிரௌன்ஸ்டைன்’ ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாத்திரமும் நோக்கமும் தரப்பட்டன. விதியில் இல்லாத செயல்களை ஆட்டக்காரர்கள் அடுக்கடுக்காகச் செய்ததால், வெஸ்லி அந்த இடத்திலேயே தீர்ப்புகளை உருவாக்க வேண்டியதாயிற்று. அதை அவர் தோல்வி என்று எண்ணினார். ஆட்டக்காரர்களோ மீண்டும் ஆட விரும்பினர்.

அவர்களுடன் ஆடிய டேவ் ஆர்னெசனும், விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் இணைந்து 1974 இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டனர். மூன்று சிறு நூல்களாக வந்த அதில் இடைவெளிகள் பல. ஒவ்வொரு குழுவும் அவற்றைத் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. விதிகள் குழப்புகின்றன என்று கருதிய கென் செயின்ட் ஆண்ட்ரே, 1975 இல் ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ என்ற எளிய விளையாட்டை எழுதினார்.

எதற்குப் புள்ளி?

விதியின் தாக்கத்தை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வரலாற்றிலேயே காணலாம். 1981 இல் வந்த அடிப்படைப் பதிப்பில் ஒரு போர்வீரர் இரண்டாம் நிலையை அடைய 2,000 அனுபவப் புள்ளிகள் தேவை. மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 புள்ளி உண்டு. எளிய அரக்கன் ஒன்றை வென்றால் கிடைப்பது ஏறத்தாழ 10 புள்ளிகளே. தொடக்கநிலை வீரர் ஓரிரு அடியில் இறந்துவிடக்கூடியவர் என்பதால், சண்டையைத் தவிர்த்து, பேசியோ பதுங்கியோ ஏமாற்றியோ செல்வத்தை எடுத்து வருவதே அறிவுடைமை.

1989 இல் வந்த மேம்பட்ட விளையாட்டின் இரண்டாம் பதிப்பு பொற்காசுப் புள்ளியை விருப்ப விதியாக்கியது. 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பில் செல்வத்திற்குப் புள்ளி இல்லை. எதிரிகளையும் இடர்களையும் வெல்வதற்கே புள்ளி. நிலவறை, வாள், அரக்கன் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் முன்பு தவிர்க்க வேண்டியதாக இருந்த மோதல், இப்போது தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

அச்சத்தை அளக்கும் விதி

சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் நிறுவனம் 1981 இல் வெளியிட்ட ‘கால் ஆஃப் கத்துலு’ திகில் விளையாட்டில் மனத்தெளிவுக்கெனத் தனிப் புள்ளி உண்டு. கொடிய உண்மைகளை அறிய அறிய அது குறையும். முற்றிலும் தீர்ந்தால் அந்தப் பாத்திரம் ஆட்டக்காரரின் கையை விட்டுப் போகும். 2005 இல் வந்த ‘டிரெட்’ விளையாட்டில் பகடையே இல்லை. அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஆட்டக்காரர் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் அவருடைய பாத்திரம் ஆட்டத்தை விட்டு நீங்கும். கதையில் உள்ள பதற்றம் ஆட்டக்காரரின் கைவிரலிலேயே தெரியும்.

நடுவர் போதுமா?

நல்ல நடுவர் இருந்தால் எந்த விதியும் போதும் என்ற கருத்துக்கும் வலுவான ஆதரவு இருந்தது. 1991 இல் வெளிவந்த ‘வாம்பயர்: தி மாஸ்க்வரேட்’, கதைக்குப் பொருந்தாத விதியை விட்டுவிடலாம் என்று தானே அறிவுறுத்தியது. ஆயினும் அதே விளையாட்டு மனிதத்தன்மைக்கு ஒரு புள்ளி வைத்து, கொடுஞ்செயலால் அது குறையும் என்றது. விதியை விடச் சொன்ன நூலும், தன் மையக் கருத்தை ஒரு விதியிடமே ஒப்படைத்தது.

1990களின் இறுதியில் ரான் எட்வர்ட்ஸ், விதித்தொகுதி முக்கியமானது என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். போட்டி, கதை, உலகைப் போலச் செய்தல் என ஆட்டக்காரரின் நோக்கங்கள் வேறுபடும். எல்லாவற்றுக்கும் ஒரே விதி பொருந்தாது என்பது அவர் வாதம். 2010 இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ இப்போக்கின் எடுத்துக்காட்டு. இதில் இரு பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் பெரும்பாலும் விலை கொடுத்துப் பெறும் வெற்றி. இதனால் கதையில் புதுப்புதுச் சிக்கல்கள் தொடர்ந்து முளைக்கின்றன.

மதிப்பீடு

திறமையான நடுவர் குறையுள்ள விதியையும் சுவையாக நடத்த முடியும் என்பதற்கு பிரௌன்ஸ்டைன் சான்று. ஆனால் அப்போது வெஸ்லி செய்ததும் விதி வகுத்தலே. அது ஏட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். விதி எதை எண்ணுகிறதோ, எதற்குப் பரிசு தருகிறதோ, அதை நோக்கியே ஆட்டக்காரர் செல்கிறார். புதிதாகத் தொடங்கும் குழு விதிநூலைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் எதற்குப் புள்ளி கிடைக்கிறது, எதனால் புள்ளி குறைகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது பயன் தரும்.