லவுடன்: ஒரு பெயரின் நடமாட்டம்

ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் தனித்து நிற்கும் எரிமலைப் பாறைக் குன்று லவுடன். 1307இல் ராபர்ட் புரூஸ் இங்கிலாந்துப் படையை இதன் அருகில் தோற்கடித்தான். அந்த நிலத்தின் பெயர் காம்ப்பெல் குடும்பத்துக்குப் பட்டமாகி, 1633இல் 'ஏர்ல்' அந்தஸ்தும் பெற்றது. குன்று நகரவில்லை. பெயருக்கு மட்டும் கால் முளைத்தது.

நான்காவது ஏர்ல் ஜான் காம்ப்பெல் 1756இல் வட அமெரிக்காவில் பிரிட்டிஷ் படைகளின் தளபதியானார். கூடவே வர்ஜீனியா கவர்னர் பதவியும் வந்தது. ஆனால் அவர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஆண்டது துணைக் கவர்னர். ஆயினும் 1757இல் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியைப் பிரித்தபோது புதிய கவுண்டிக்கு லவுடன் என்றே பெயரிட்டார்கள். இன்று உலகின் கணினித் தரவு மையங்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடங்களில் அது ஒன்று. அதே 1757இல்தான் லூயிஸ்பர்க்கைப் பிடிக்கப் பெரும்படையோடு புறப்பட்டவர் பிடிக்காமலே திரும்பினார்; வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் போயிற்று. அடுத்த ஆண்டு பதவியும் போயிற்று. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் இவருடைய தாமத சுபாவத்தைக் கேலி செய்கிறார். புகழ்தான் பெயரைப் பரப்புகிறது என்று நம்புகிறவர்களுக்கு லவுடன் பிரபு ஒரு சங்கடம்.

வர்ஜீனியா, பென்சில்வேனியா, இன்றைய டென்னஸி என்று மூன்று இடங்களில் லவுடன் கோட்டை எழுந்தது. மூன்றாவது செரோக்கி மக்கள் கேட்டுக் கட்டப்பட்டது: வீரர்கள் ஆங்கிலேயருக்காகப் போருக்குப் போகையில் குடும்பங்களுக்குக் காவல் வேண்டியிருந்தது. 1760இல் வேறொரு கோட்டையில் செரோக்கிப் பணயக்கைதிகள் கொல்லப்பட்டபின் லவுடன் கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று. ஆகஸ்டில் சரணடைந்து வெளியேறிய படை மறுநாள் காலையில் தாக்கப்பட்டது. தளபதியும் மாண்டார். பிரபு அப்போது அமெரிக்காவிலேயே இல்லை.

கோட்டை அழிந்த பின்னும் பெயர் ஓயவில்லை. 1870இல் டென்னஸியில் அமைந்த கவுண்டி அதை எடுத்துக்கொண்டது, ஆங்கிலக் கூட்டலில் ஒரு 'யு' குறைய. 1943இல் அந்தக் கவுண்டியிலேயே முடிந்த அணை, தொலைந்த 'யு'வை மீட்டுக்கொண்டு லவுடன் கோட்டை அணையானது. கோட்டை இருந்த இடமோ வேறொரு நதிக்கரை.

அங்கே 1979இல் டெல்லிக்கோ அணையின் கதவுகள் அடைபட்டபோது கோட்டைத் தளத்தை மண் கொட்டி உயர்த்திக் காப்பாற்றினார்கள். அதே நீரில், சற்று மேலே, தனாஸி என்ற செரோக்கி ஊர் இருந்த நிலம் மூழ்கிப்போயிற்று. டென்னஸிக்குப் பெயர் தந்த ஊர் அது.