பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்களுக்குப் பழக்கமான காட்சிதான். முன்னுரை தந்த பெரிய மனிதரின் பெயருக்கு முன்னால் 'ஸர்', பின்னால் 'கே.சி.ஐ.இ.' என்றோ 'சி.எஸ்.ஐ.' என்றோ சில எழுத்துகள். நாம் கண்டுக்காமல் தாண்டிப் போய்விடுவோம். கொஞ்சம் நின்று பார்த்தால், அதற்குள் ஒரு ஆட்சி முறையே இருக்கு.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனி போய் விக்டோரியா ராணியின் நேரடி ஆட்சி வந்தது. சமஸ்தான ராஜாக்களைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது புரிந்துவிட்டது. 1861-ல் பிறந்ததுதான் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' ஆர்டர். இங்கே ஆர்டர் என்றால் கட்டளை இல்லை, ராணியின் பெயரால் சேர்க்கப்படும் ஒரு வீரப்பிரபுக்கள் குழு. முதலில் 25 பேருக்கு மட்டும்தான் இடம். குவாலியரின் சிந்தியா, பாட்டியாலா மகாராஜா, போபாலின் சிக்கந்தர் பேகம் என்று கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள் அதில் இருந்தார்கள். ஆமாம், ஒரு பெண்ணும் 'நைட்' ஆனார்!

வடிவமைப்பில் ரொம்பவே யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் உயர்ந்த படிக்கு 'கிராண்ட் கிராஸ்' என்று பெயர். சிலுவை இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உறுத்தும் என்பதால் இங்கே 'கிராண்ட் கமாண்டர்' ஆக்கினார்கள். 'வானத்தின் ஒளியே எமக்கு வழிகாட்டி' என்ற பொருளில், எந்த மதத்துக்கும் பொதுவான ஒரு வாசகத்தையும் வைத்தார்கள். அப்படியும் பதக்கத்தில் ராணியின் முகம் இருந்தது. மனித உருவத்தை அணிவது, அந்நிய அங்கியைப் போர்த்திக்கொள்வது, இறந்தபின் பதக்கத்தைத் திருப்பித் தருவது எல்லாவற்றுக்கும் ஹைதராபாத் நிஜாமின் சார்பில் திவான் சாலார் ஜங் ஆட்சேபம் சொன்னார்.

1866-ல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். 1878 ஜனவரி 1 அன்று, இன்னும் அதிகம் பேரைச் சேர்க்க 'இந்தியன் எம்பயர்' ஆர்டர் வந்தது. 1886-87-ல் அதற்கும் மேல்படிகள். என் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு யூசர் லெவல் சிஸ்டம். ஒரு படி கிடைத்தவருக்கு அடுத்த படி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் 1878-ல் சி.ஐ.இ.; கே.சி.ஐ.இ. ஆனது 1893-ல். நடுவில் 15 வருஷம்.

சரி, இந்த சிஸ்டத்தை விட்டு ஒருவர் தானே வெளியேறினால்?

மதுரையில் 1842-ல் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் அதைச் செய்தார். உயர்நீதிமன்ற நீதிபதி, தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர், 1900 முதல் கே.சி.ஐ.இ. ஓய்வுக்குப் பின் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் லீகுக்குக் கௌரவத் தலைவர். 1917 ஜூனில் பெசன்ட்டை அரசு காவலில் வைத்ததும், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். சுயாட்சி தருவதாக வாக்குக் கொடுங்கள், 3 மாதத்தில் போர்முனைக்கு 50 லட்சம் பேர் வருவார்கள் என்றார். பாருங்க, அது பிரிட்டனின் போருக்கு எதிரான கடிதம்கூட இல்லை. ஆனாலும் இந்தியா மந்திரி மாண்டேகு பாராளுமன்றத்தில் அதைக் கேவலமான கடிதம் என்று சாடினார். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஐயர் 1918-ல் கே.சி.ஐ.இ., திவான் பகதூர் இரண்டையும் துறந்தார்.

ஜாலியன்வாலா பாக்கை அடுத்து தாகூர் 'ஸர்' பட்டத்தைத் துறந்தது 1919-ல். அதை எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதற்கு முந்தைய வருஷமே சென்னையில் நடந்ததை எத்தனை பேர் படித்தோம்? ஆட்சிக்கு இதில் உறுத்தியது ஒரு பதக்கம் போனது இல்லை. வாங்கியவர் மதிக்கிறவரைதான் அந்த எழுத்துகளுக்கு மதிப்பு. அது வேண்டாம் என்று ஒரு நீதிபதியே சொல்லிவிட்டால், அடுத்த படிக்குக் காத்திருக்கிறவர்களும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த இரண்டு ஆர்டர்களிலும் புதிதாக யாரையும் சேர்ப்பது நின்றது. நமது அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, ராணுவ, கல்வித் தகுதிகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் அப்படிப்பட்ட பட்டங்கள் ஆகாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடவே ஒன்றும் சொன்னது: அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. அடுத்த தடவை ஏதாவது போஸ்டரில் 'பத்மஸ்ரீ' என்று பெயருக்கு முன்னால் பார்த்தால், இந்த நாலு எழுத்துக் கதை ஞாபகம் வரட்டும்.