‘சென்னை முறை’யும் பொதுக்கல்விச் சீர்திருத்தமும்

ஸ்காத்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம்பெரும் பல்கலைக்கழக நகரில் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயர் தாங்கிய பள்ளி ஒன்று உண்டு. 1833-ஆம் ஆண்டில் அது திறக்கப்பெற்றது. வடகடலின் குளிர்காற்று வீசும் அவ்வூர்ப் பள்ளிக்கு நம் சென்னையின் பெயர் எவ்வாறு வாய்த்தது என்று வினவுவோர் இங்கு மிகச் சிலரே. பொதுக்கல்விச் சீர்திருத்தம் என்றவுடன், மேனாட்டில் தீட்டப்பெற்ற கொள்கைகள் கப்பலேறி நம் கரையில் வந்திறங்கின என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அவ்வாறு வந்தவை பல என்பதில் ஐயமில்லை. ஆனால், இங்கிருந்து அங்குச் சென்றதும் ஒன்றுண்டு. சென்ற வழியில் அது அடைந்த மாற்றம், திருச்சபைப் பள்ளிகளோடு தொடர்புடைய நம் அனைவர்க்கும் கவலைக்குரிய செய்தியாகும்.

அதனை விளங்கிக்கொள்ளத் திண்ணைப் பள்ளியிலிருந்தே தொடங்கவேண்டும். விடியுமுன்னே பிள்ளைகள் அங்கு வந்து சேர்வர். முதலில் வந்தவனுக்கு ‘வேத்தான்’ என்று பெயர். சிறு குழந்தைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகுவர். அரிச்சுவடியும் எண்சுவடியும் மனப்பாடமான பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்கு முறை சொல்லிக் கொடுப்பான். உபாத்தியாயரோ ஒவ்வொரு பிள்ளையையும் தம்மிடம் அழைத்துப் பாடம் கேட்பார். இது பழைய வழக்கம். 1623-இல் கருநாடகத்தின் இக்கேரி நாட்டில் பயணம் செய்த பியெத்ரோ தெல்லா வால்லே என்னும் இத்தாலியர், சிறுவர் சிலர் ஆசிரியர் அருகில் இல்லாமலே மணலில் எழுதி, ஒருவரோடொருவர் பாடிக் கணக்குப் பயின்றதைக் கண்டு வியந்து எழுதிவைத்துள்ளார்.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக வரைவது நம் நோக்கமன்று. கோதண்டம் போடும் கொடுமை அங்கிருந்தது. பெண்மக்களுக்கும் சேரியில் வாழ்ந்தோர்க்கும் அத்திண்ணை எட்டாத உயரத்திலேயே இருந்தது. எனினும் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல்வேண்டும்: அங்குச் சட்டாம்பிள்ளை ஆசிரியருக்குத் துணைவன். ஆசிரியரின் இடம் வெறுமையாக இருக்கவில்லை.

இந்நிலையில் 1787-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார் ஆண்ட்ரு பெல். 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூசில் பிறந்தவர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் வீட்டாசிரியராக இருந்தவர். ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். 1789-இல், எழும்பூரில் கும்பினிப் படைவீரரின் தந்தையற்ற ஆண்மக்களுக்கென நிறுவப்பட்ட அநாதைச் சாலையின் கண்காணிப்பாளரானார். அப்பிள்ளைகளுட் பலருடைய தாய்மார் இந்நாட்டுப் பெண்கள். இப்பணிக்குச் சம்பளம் வேண்டாம் என்று பெல் மறுத்ததை அவருடைய வரலாற்றாசிரியர்கள் பாராட்டியுள்ளனர். அதே வேளையில் பல படைப்பிரிவுகளுக்குக் குருவாக இருந்து ஊதியம் பெற்றார் என்பதையும், தாயகம் திரும்புகையில் ஏறத்தாழ 25,000 பவுன் செல்வத்தோடு சென்றார் என்பதையும் சேர்த்தே நோக்குவது நேர்மை. பிற வருவாய் உள்ளவர்க்குச் சம்பளத்தைத் துறப்பது எளிது.

அநாதைச் சாலையின் ஆசிரியர்கள் ஊக்கமற்றவராயிருந்தனர். மாதக்கணக்கில் கற்பித்தும் கீழ்வகுப்புப் பிள்ளைகள் எழுத்தறியவில்லை. ஒருநாட் காலை குதிரைமீது சென்ற பெல், வழியிலிருந்த ‘மலபார்’ப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மலபார் என்றதும் கேரளம் என மயங்கவேண்டா. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் அப்பெயராலேயே அழைத்தனர். தரங்கம்பாடி மிஷனெரிமாரின் எழுத்துக்களைப் பயின்றோர் இதனை அறிவர். பெல் உடனே தம் ஆசிரியரை அழைத்து அம்முறையைக் கையாளப் பணித்தார். அது நடவாது என்றனர் அவர்கள். ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகன் அவன். ஆசிரியரால் இயலாததை அச்சிறுவன் செய்து காட்டினான். நாளடைவில் சாலை முழுவதும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் ஒழுங்கின்கீழ் வந்தது.

நோயுற்ற பெல் 1796-இல் தாயகம் சென்றார். மறு ஆண்டிலேயே எழும்பூரில் தாம் செய்த பரிசோதனையைப் பற்றிச் சிறு நூலொன்றை லண்டனில் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயர் அதன் வழியே பரவியது. இம்முறையின் மூலமாகிய தமிழ்ப் பள்ளியின் உபாத்தியாயர் எவர் என்று எவரும் குறித்துவைக்கவில்லை.

அந்நாளைய இங்கிலாந்தின் நிலையை நாம் மறத்தலாகாது. நூற்பாலைகள் பெருகின, ஏழைமக்கள் நகரங்களை நோக்கித் திரண்டனர், எழுத்தறியாப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இருந்தனர், அவர்களுக்கு ஆசிரியரும் இல்லை, ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் செலவிட முன்வருவோரும் இல்லை. இச்சூழலில் 1798-இல் லண்டனின் தென்கரையில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்தர் என்னும் குவேக்கர் இளைஞர், பெல்லின் முறையோடு தம் கற்பனையையும் சேர்த்து, ஓர் ஆசிரியர் ஒரே அறையில் ஆயிரம் சிறுவர்க்குக் கற்பிக்கலாம் என்று முழங்கினார். புத்தகங்களுக்குப் பதிலாகச் சுவரில் தொங்கும் பாடத்தாள். தாளுக்குப் பதிலாக மணலும் கற்பலகையும். ஆசிரியருக்குப் பதிலாகச் சட்டாம்பிள்ளைகள். ஆலையில் ஒரு பொறி பல கதிர்களைச் சுழற்றுவதுபோல ஒரு மனிதர் ஆயிரம் பிள்ளைகளை இயக்குவார் என்னும் எண்ணம் அக்காலத்துச் செல்வரின் மனத்திற்கு மிகவும் உகந்ததாயிற்று. 1805-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே லங்காஸ்தரை வரவேற்று ஆதரவளித்தார்.

திண்ணையில் துணையாக இருந்தது ஆலை நகரத்தில் பதிலாள் ஆகிவிட்டது. முறை ஒன்றே, அதனை ஆண்ட நோக்கம் வேறு. பத்து வயதுச் சட்டாம்பிள்ளை தான் மனப்பாடம் செய்ததையே பிறர்க்கு ஒப்புவிப்பான். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு அவனிடம் விடையிராது. கேட்க வேண்டும் என்னும் எண்ணமே அவ்வறையின் இரைச்சலில் எழ வழியில்லை. எழுத்தும் எண்ணும் ஓரளவு வந்தன. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பெல்லுக்கு இது குறையாகத் தோன்றவுமில்லை. ஏழைப்பிள்ளைகள் அனைவர்க்கும் எழுதவும் கணக்கிடவும் கற்பித்தால் அவர்கள் தம் நிலைக்கு மேற்பட்டதை விரும்பத் தொடங்குவர் என்று அவர் 1805-ஆம் ஆண்டுப் பதிப்பில் எச்சரித்தார். எழும்பூர் அநாதைகளின் வாழ்வை உயர்த்திய அதே கைதான் இதனையும் எழுதியது.

இனி, திருச்சபையின் பங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். லங்காஸ்தர் தம் பள்ளிகளில் வேதம் வாசிக்கச் செய்தாரேயன்றி எந்தச் சபையின் வினாவிடையையும் கற்பிக்க இடந்தரவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் தலைவர்கள் இதனை ஆபத்தெனக் கருதினர். இதனால், 1811-இல் பெல்லை முன்னிறுத்தித் தேசிய சங்கம் தோன்றியது. மறுபுறம் லங்காஸ்தரின் ஆதரவாளர் சங்கம் 1814 முதல் பிரித்தானிய அயல்நாட்டுப் பள்ளிச் சங்கம் என வழங்கலாயிற்று. இரு சங்கங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான பள்ளிகளைத் திறந்தன. அரசு ஒரு பைசாவும் கொடாத காலத்தில் இப்பணி நடந்தது; இதற்குரிய நன்றியை எவரும் மறுத்தல் ஆகாது. ஆனால் அதே போட்டி, நாட்டுக்குப் பொதுவான கல்விச் சட்டத்தை அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தடுத்து நிறுத்தியது. 1807-இல் விட்பிரெட் கொண்டுவந்த மசோதா வீழ்ந்தது. 1820-இல் புரூம் கொண்டுவந்ததும் வீழ்ந்தது. 1843-இல் ஆலைச் சிறுவர்க்குக் கல்வி தர முயன்ற விதிகளும் கைவிடப்பட்டன. ஒருமுறை ஆங்கிலத் திருச்சபையார்க்கு மிகுதியான அதிகாரம் என்று மற்றைச் சபையார் எதிர்த்தனர். மற்றொருமுறை போதாது என்று திருச்சபையார் எதிர்த்தனர். பிள்ளைகள் ஆலைக்கே சென்றுகொண்டிருந்தனர்.

1833-இல் பாராளுமன்றம் முதன்முதலாக 20,000 பவுன் ஒதுக்கியது. அத்தொகை எதற்கென்று உற்று நோக்கவேண்டும்: பள்ளிக் கட்டடங்களுக்கு. அதுவும், செலவில் பாதியை உள்ளூரார் நன்கொடையாகத் திரட்டினால் மட்டுமே மறுபாதி இரு சங்கங்களின் வாயிலாக வழங்கப்படும். நன்கொடை திரட்ட இயலாத ஏழைப் பகுதிகளுக்கு அம்மானியம் எட்டவில்லை. ஆசிரியருக்கோ அதில் ஒரு காசும் இல்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்று நம்பிய நாட்டில் சுவரும் கூரையும்தான் செலவாகத் தோன்றின.

இந்நம்பிக்கையை உடைத்தவர் கே-ஷட்டில்வொர்த். மான்செஸ்தரின் சேரிகளில் மருத்துவராயிருந்து ஏழ்மையைக் கண்டவர். 1839-இல் அமைந்த அரசின் கல்விக் குழுவுக்குச் செயலாளரானார். சட்டாம்பிள்ளை முறையை மேலும் செம்மைப்படுத்த அவர் முயலவில்லை. 1846-ஆம் ஆண்டு விதிகளின்படி, பதின்மூன்று வயதில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் பயிற்சி பெறும் ‘மாணாக்க ஆசிரியர்’ ஆயினர். இவர்களுக்கு ஆண்டொன்றுக்கு 10 பவுன் முதல் 20 பவுன் வரை அரசே வழங்கியது. பயிற்சிக் கல்லூரி செல்ல உதவித்தொகையும், தேர்ச்சி பெற்ற ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளமும், முதுமையில் ஓய்வூதியமும் அவ்விதிகளில் இடம்பெற்றன. ஆசிரியத் தொழில் என்று ஒன்று இங்கிலாந்தில் உருவானது இதன் பின்னரே எனலாம். நம் கருத்தில், அந்நூற்றாண்டின் உண்மையான கல்விச் சீர்திருத்தம் இதுவே. இதில் வியப்பூட்டும் புதுமை ஒன்றுமில்லை. பணம் கொடுத்தார்கள், அவ்வளவே.

அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதி, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் பெறும் தேர்ச்சிக்கேற்ப மானியம் என்று மாற்றியமைத்தது. ஆசிரியர்கள் தேர்வுக்குரிய பத்திகளை உருப்போட வைத்தனர். 1870-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே, சபைப் பள்ளி இல்லாத இடங்களில் மக்கள் தேர்ந்த குழுக்கள் வரிப்பணத்தில் பள்ளி நடத்தலாயின.

இங்கே சென்னையிலோ, 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர் அனைவரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் தந்த குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இவர்களில் பெண்குழந்தைகள் 5,000-ஐ எட்டவில்லை. பல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறையின் சிக்கனத்தைப் புகழ்ந்து, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியதையும் குறிப்பிட்டார். அவர் கண்டதும் சிக்கனமே. மன்றோ கண்டது வேறு. உபாத்தியாயர் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை, இவ்வூதியத்திற்குத் தகுதியுடையோர் வரமாட்டார் என்று தெளிவாக எழுதினார். மாவட்டத் தலைநகர்ப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசு தரவேண்டும் என்பது அவர் திட்டம். அடுத்த ஆண்டே அவர் வாந்திபேதியால் மாண்டார். தொடங்கப்பட்ட பள்ளிகள் போதிய கண்காணிப்பின்றி நலிந்து 1836-இல் மூடப்பட்டன. 1854-ஆம் ஆண்டுக் கல்வி ஆவணத்தால் உதவி மானியம் வந்தபோது நம் மிஷன் பள்ளிகள் தழைத்தன என்பது நம் மாணவர் அறிந்த வரலாறு. லோவின் தேர்வுப்பலன் மானியமும் 1860-களின் இறுதியில் சென்னைக்கு வந்து சேர்ந்தது என்பது அத்துணை நினைவுகூரப்படுவதில்லை.

மாணவர் ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் கருத்தை நாம் இகழவில்லை. ஆந்திராவின் ரிஷிவாலிப் பள்ளியில் உருவான அட்டைகளைக் கொண்டு 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் குழுவாகத் தரையில் அமர்ந்து தம் வேகத்தில் கற்றனர். ஆசிரியரும் அவர்களோடு பாயில் அமர்ந்தார். எழும்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சட்டாம்பிள்ளை மீண்டும் துணைவனாகும் வாய்ப்பு அதில் இருந்தது. ஆயினும், போதிய ஆசிரியரில்லாத பள்ளியில் அதே அட்டைகள் எதற்குப் பயன்படும் என்பதை லங்காஸ்தரின் வரலாற்றைப் படித்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

நம் திருச்சபைகளின் பள்ளி வளாகங்களுட் பலவற்றில் இன்று அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அருகருகே நடைபெறுகின்றன. அதே வகுப்புக்கு அதே பாடத்தைக் கற்பிக்கும் இருவருள் ஒருவர் அரசுச் சம்பளம் பெற, மற்றவர் அதில் சிறு பங்கையே பெறக் காண்கிறோம். ஆண்டறிக்கைகளில் புதிய கட்டடமும் கணினி அறையும் திறன்பலகையும் படத்தோடு இடம்பெறுகின்றன. இவற்றை ‘கல்விப் புதுமை’ என்று அர்ப்பணிப்பு ஆராதனையில் போற்றிச் செபிக்கிறோம். சுயநிதி ஆசிரியரின் சம்பளப் பட்டியல் அவ்வறிக்கையில் நாம் கண்டதில்லை. இக்கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருள் பலர் சில ஆண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு பள்ளியின் தாளாளராகப் பொறுப்பேற்பர். மாத இறுதியில் அப்பட்டியல் ஒப்பத்திற்காக அவர்கள் மேசைக்கே வரும்.