ஆண் அந்து அறிந்த மணம்

தென் பிரான்சிலுள்ள செரிஞான் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பூச்சியியலறிஞர் ஜோன் ஹென்றி பாப்ரே, அன்று காலை கூட்டினின்று வெளிப்பட்ட பெருமயில் அந்தின் பெண்ணொன்றைக் கம்பிவலைக் கூண்டினுள் வைத்தார். இரவில் ஏறக்குறைய நாற்பது ஆண் அந்துகள் காரிருளை ஊடறுத்து அவர் இல்லத்தை வந்தடைந்தன. 1900 ஆம் ஆண்டில் வெளியான தமது நூல்வரிசையின் ஏழாம் தொகுதியில் இதனை அவர் விரித்துரைத்துள்ளார்.

அவற்றிற்கு வழிகாட்டியது யாது? மணமெனின், மனித மூக்கிற்கு அங்கு எம்மணமும் புலப்படவில்லை. பாப்ரே பெண்ணினருகே நப்தலீனை வைத்தார். அதன் கடுநாற்றம் மென்மணத்தை மூழ்கடித்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆண்களோ தவறாது வந்தன. பின்னர் வேறோர் அந்தினத்திற் செய்த சோதனையே அவரை மணத்தின் பக்கம் திருப்பியது. பெண்ணைக் கண்ணாடியினுள் அடைத்துக் கண்ணெதிரே வைத்தபோதும், ஆண்கள் அதனைப் பொருட்படுத்தாது, அது முன்னர் தங்கியிருந்த சிறுகிளையையே நாடின. ஆயினும் நப்தலீன் ஏன் தோற்றது? ஒளியைப் போன்று அலையாய்ப் பரவும் மணமும் உண்டோ என அவர் எண்ணலானார். இத்துணை நுட்பமான ஆய்வாளரும் மனித மூக்கையே அளவுகோலாகக் கொண்டமை வியப்புக்குரியது.

இரசாயனவியலின் விடை தாமதித்தே வந்தது. ஜேர்மனியில் அடொல்ப் பூட்டெனன்ட் குழுவினர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்று, 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளையே பெற்றனர். 16 காபன் அணுக்களையுடைய அவ்வற்ககோல் வகைப் பொருள் 1959 இல் அறிவிக்கப்பட்டது. பொம்பிக்கோல் என்பது அதன் பெயர். இத்தகைய பொருள்களைக் குறிக்கும் பெரோமோன் என்னும் சொல்லும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

பாப்ரேயின் வினாவிற்கு விடை, ஆணின் உணர்கொம்பிலேயே இருந்தது. அதிலுள்ள நுண்மயிர்களின் துளைகள் வழியே பொம்பிக்கோல் உட்புகுகின்றது. உள்ளிருக்கும் புரதமொன்று அதனை நரம்புக் கலத்திடம் சேர்க்கின்றது. அக்கலத்தின் மென்சவ்விலுள்ள வாங்கி என்னும் புரதத்தோடு அது பொருந்தியவுடன் அயன்கள் உட்பாய, கணத்தாக்கம் எழுகின்றது. ஒரேயொரு மூலக்கூறே ஒரு கணத்தாக்கத்திற்குப் போதும் என்று 1970 அளவில் கைஸ்லிங், பிரீஸ்னர் ஆகியோர் கணித்தனர். இவ்வாங்கியோடு நப்தலீன் பொருந்துவதில்லை. எனவே அதன் நாற்றம் எவ்வளவு மிகினும் இந்த நரம்பிற்கு அது இல்லாத பொருளே. பெருமயில் அந்திலும் இவ்வகையான பொருத்தமே நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

பட்டுப்பூச்சியின் அவ்வாங்கிக்குரிய பரம்பரையலகை யப்பானிய ஆய்வாளர் 2004 இல் இனங்கண்டனர். அது ஆணின் உணர்கொம்பிலேயே தொழிற்படுகின்றது. பொம்பிக்கோலைச் சுரக்கும் பெண்ணோ, தன் மணத்தைத் தானே அறியாது.