உழைப்பும் பொறுப்பும்: நீலமலை தரும் படிப்பினை

உழைப்பவன் உயர்வான் என்று நம் இளைஞர்களுக்கு மேடைதோறும் அறிவுரை வழங்கப்படுகிறது. நல்லுரைதான். ஆயினும் அதன் முழுப்பொருளை உணர வேண்டுமாயின், நீலகிரியின் வரலாற்றை நாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்த இம்மலைக்கு 1819 ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உதகமண்டலம் ஐரோப்பியரின் உறைவிடமாயிற்று. பின்னர் காப்பியும் தேயிலையும் மலைச்சரிவுகளில் பரவின. 1899 இல் குன்னூர் வரையிலும், 1908 இல் உதகை வரையிலும் மலை இரயில் ஓடத் தொடங்கியது. காடு திருத்தியவர், கல் உடைத்தவர், கொழுந்து பறித்தவர், துரைமார் வீடுகளில் சமையல் செய்தவர் ஆகியோருள் சமவெளியிலிருந்து மலையேறிய நம் மக்கள் பலர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர் அக்கடன் தீரும்வரை தோட்டத்தைவிட்டு அகல முடியாது. 1903 ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டமோ, ஒப்பந்தத்தை மீறிய கூலியாளைச் சிறைக்கு அனுப்பவும் இடமளித்தது.

அம்மக்கள் உழைப்பில் குறைந்தவர்களா? பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் முதுகு வளைந்து உழைத்தவர்கள் அவர்கள். உழைப்பு மட்டுமே ஒருவரை உயர்த்துமாயின், நூறாண்டுகளுக்கு முன்பே நம் சமுதாயம் உயர்ந்திருக்கும். அப்படியானால் குறைந்தது யாது? இவ்வினாவுக்கான விடையை, இதே மலையில் வாழ்ந்த இரு பெரியோர் தம் வாழ்வால் காட்டிச் சென்றனர்.

முதலாமவர் பண்டிதர் அயோத்திதாசர். 1845 இல் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இவருடைய பாட்டனார் ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தேர்ந்த அயோத்திதாசர், 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891 டிசம்பர் 1 ஆம் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் கூடிற்று. அதில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. நம் மக்களை இழிவாக அழைப்போரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும், பள்ளிகளும் உதவித்தொகையும் வேண்டும், அரசுப் பணி வேண்டும், பொதுக்கிணறும் நீர்நிலையும் அனைவருக்கும் திறக்கப்பட வேண்டும் என்பன அவற்றுட் சில. கைகட்டி நின்ற சமுதாயம் தன் குறைகளை எழுத்தில் வடித்து, முறைப்படி விடுத்த கோரிக்கை அது.

இரண்டாமவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூர்க் கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்றும், தம் சாதி வெளிப்படுமோ என்னும் அச்சத்தால் வகுப்புத் தொடங்கும்வரை ஒதுங்கி நின்றதாகவும் அவரே எழுதியுள்ளார். அச்சம் இருந்தது, படிப்பை அவர் விடவில்லை. பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அக்காலத்தில் நம்மவருக்கு அது எளிதில் கிட்டாத உத்தியோகம். ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு தம் குடும்பத்தளவில் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1890 இல் சென்னை சென்று, 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். மாத இதழாகப் பிறந்து வார இதழாக வளர்ந்த அவ்வேடு ஏழாண்டுக் காலம் நடைபெற்றது. சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது, பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924 இல் அவர் கொண்டுவந்தார். 1925 இல் அரசிதழில் அது வெளியாயிற்று. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடியவரும் அவரே.

இவ்விருவரும் திருமண உறவால் இணைந்தவர்கள். ஆயினும் கருத்தில் வேறுபட்டனர். இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சூட்டிக்கொள்ள வேண்டும் என்றார் ஒருவர். அப்பெயரே வேண்டா, நாம் பூர்வத் தமிழர், பௌத்தர் என்றார் மற்றவர். 1907 ஜூன் 19 இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் அக்கருத்தைப் பரப்பிற்று. 1914 இல் அவர் மறைந்தார். பிற்காலத்தில், நம் தொழிலாளர் நிறைந்த கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். வேறுபாடு இருந்தும் இருவருள் எவரும் பணியை நிறுத்தவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

இவர்கள் தந்த விடை இதுவே: உழைப்போடு கல்வி சேரவேண்டும், கல்வியோடு பொறுப்பு சேரவேண்டும். கற்றவன் தன் கல்வியைச் சமுதாயத்தின் கடனாகக் கருதும்போதுதான் ஒருவரின் உழைப்பு பலரின் உயர்வாக மாறுகிறது.

பின்வந்த வரலாறும் இதையே உறுதி செய்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் குழந்தைகளுக்குப் பள்ளியும் வேண்டும் என்று 1951 இல் சட்டம் பிறந்தது. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும் பொருட்டு, 1968 இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் தொடங்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்கும். அதைப் படித்துக் கேட்பவனுக்கே அது பயன்படும். தன் சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாத தாய், பிடித்தம் சரியா என்று எவ்வாறு கேட்பாள்? அவளுடைய மகளுக்கு அதை வாசிக்கத் தெரிந்தால் கணக்கு நேராகும்.

இளைஞர்களே! நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், உங்கள் முன்னேற்றம் உங்கள் முயற்சியில் இருக்கிறது என்று நாமும் சொல்கிறோம். ஆனால் வறுமையில் வாடும் உங்கள் பெற்றோர் உழைக்காதவர்கள் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் உழைப்பின் பயன் அவர்கள் கைக்கு வராத வரலாற்றை அறிந்துகொள்ளுங்கள். நேரத்தை வீணாக்காது படியுங்கள். மதுவிலும் வீண் ஆடம்பரத்திலும் கூலிப்பணம் கரையாது காப்பது உங்கள் கையில் உள்ளது. பட்டம் பெற்றபின், உங்கள் லயத்திலோ தெருவிலோ பள்ளியைவிட்டு நின்ற ஒரு பிள்ளையை மீண்டும் பள்ளி வாயிலில் கொண்டுபோய்ச் சேருங்கள். அரசிடம் கேட்க வேண்டியதைக் கூடிக் கேளுங்கள். நாமே செய்ய வேண்டியதை நாளை என்று தள்ளாதீர்கள்.

அன்று கணக்கர் ஒருவர் தம் பேனாவைச் சமுதாயத்துக்கு அளித்தார். மருத்துவர் ஒருவர் தம் புலமையை அளித்தார். இன்று உங்கள் கையில் இருப்பதை நீங்கள் அளியுங்கள்.