நிறமற்ற தொடர்கள்: ஆங்கில மரபுத்தொடர்க் கல்வியில் விடுபட்ட பகுதி

ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் பொருள் தரும் கையேடுகள் ஏராளம். எஸ்.எஸ்.சி. போன்ற மத்திய அரசுப் பணித் தேர்வுகளின் ஆங்கிலத் தாளில் 'இடியம்ஸ் அண்ட் பிரேசஸ்' என்ற பகுதி இடம்பெறுவதால், அவற்றுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. பெரும்பாலானவற்றின் அமைப்பும் ஒன்றுதான்: ஒரு பக்கம் தொடர், எதிரே பொருள். 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோதல்; 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் இரகசியத்தை வெளியிடுதல். பொருள்களில் பெரிய பிழை இருப்பதில்லை. என் மறுப்பு தேர்வைப் பற்றியது. விசித்திரமான காட்சியைக் கண்முன் நிறுத்தும் தொடர்கள் பட்டியலுக்குள் இடம் பிடிக்கின்றன. எளிய சொற்களால் ஆன, காட்சி ஏதும் தராத தொடர்கள் வெளியே நிற்கின்றன. இவற்றை நிறமற்ற தொடர்கள் என்று அழைக்கிறேன். ஆங்கிலம் வாசிக்கும் தமிழ் மாணவரின் காலை வாருபவை பெரும்பாலும் இவைதாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வழக்கின் அளவைப் பார்க்கலாம். ஆங்கில நிலைத்தொடர்களை ஆராய்ந்த ரோஸமண்ட் மூன் 1998இல் வெளியிட்ட நூலில், சுமார் 1 கோடியே 80 லட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தை அடிப்படையாகக் கொண்டார். அவர் எடுத்துக்கொண்ட தொடர்களில் பெரும்பான்மையானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு முறைகூட வரவில்லை. லின் கிராண்ட் 2005இல் இன்னும் கடுமையான வரையறையைக் கையாண்டார். உறுப்புச் சொற்களின் பொருளிலிருந்தோ உருவகத்திலிருந்தோ விளக்க முடியாத தொடர்களை மட்டும் பிரித்தெடுத்தபோது 103 தொடர்களே எஞ்சின. அவற்றுள் ஒன்றுகூட, அதிகம் வழங்கும் முதல் 5000 ஆங்கிலச் சொற்களின் வரிசையில் இடம்பெறும் அளவுக்குப் புழக்கத்தில் இல்லை. இதனால் படிமத் தொடர்கள் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. தனித்தனியே அரிதானாலும் ஒரு வகையாகச் சேர்த்துப் பார்த்தால் அவை ஆங்கில எழுத்தெங்கும் பரவியிருக்கின்றன. ஆனால் அவற்றில் நூறையோ இருநூறையோ மனப்பாடம் செய்த மாணவர், அடுத்து வாசிக்கும் பக்கத்தில் அவற்றுள் ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

மறுபக்கத்தை ரான் மார்ட்டினெஸும் நார்பர்ட் ஷ்மிட்டும் 2012இல் காட்டினார்கள். 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில், முதல் 5000 சொற்களுக்கு ஈடாக வழங்கும் தொடர்களை அவர்கள் தேடினார்கள். 505 கிடைத்தன. அவற்றில் வாளியும் பீன்ஸும் இல்லை. 'ஆஃப் கோர்ஸ்', 'அட் லீஸ்ட்', 'சச் ஆஸ்' போன்றவையே நிறைந்திருந்தன.

இவ்வகைத் தொடர்கள் வாசிப்புக்கு என்ன தீங்கு செய்கின்றன என்பதை மார்ட்டினெஸும் விக்டோரியா மர்ஃபியும் 2011இல் சோதித்துப் பார்த்தார்கள். இத்துறையில் நான் அறிந்த சோதனைகளுள் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பிரேசிலைச் சேர்ந்த 101 பேருக்கு இரு தொகுதி ஆங்கிலப் பத்திகள் தரப்பட்டன. இரண்டிலும் இருந்தவை அதே சொற்கள்; எல்லாம் மிகப் பொதுவானவை. ஒரே வேறுபாடு, இரண்டாம் தொகுதியில் அச்சொற்கள் மரபுத்தொடர்களாகக் கூடும்படி அடுக்கப்பட்டிருந்தன. இரண்டாவதில் புரிதல் குறைந்தது. அதைவிடக் கவலை தருவது, தமக்கு எவ்வளவு புரிந்தது என்று வாசகர்களே போட்ட மதிப்பீடு உண்மையான புரிதலைவிட உயர்ந்து நின்றதுதான். தெரியாத சொல் கண்ணில் பட்டால் வாசகர் நின்று அகராதியைத் தேடுவார். தெரிந்த சொற்களே கூடித் தெரியாத பொருளைத் தரும்போது நிற்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றுவதில்லை. 'கிக் த பக்கெட்' தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கதையில் திடீரென்று வாளி ஏன் வந்தது என்று எந்த வாசகரும் கேட்பார். 'ஃபார் குட்' அப்படிக் காட்டிக்கொடுக்காது. 'ஷி லெஃப்ட் சென்னை ஃபார் குட்' என்ற வாக்கியத்தை 'நல்லதற்காகச் சென்னையை விட்டுப் போனாள்' என்று படித்துவிட்டு மேலே நகரலாம், எங்கும் தட்டாது. அவள் ஒரேயடியாகப் போய்விட்டாள், இனித் திரும்பமாட்டாள் என்ற செய்தி மட்டும் தவறிப்போயிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை நின்று பார்ப்போம். 'த பிரிட்ஜ் இஸ் ஆல் பட் ஃபினிஷ்ட்' என்றால் பாலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று பொருள். 'ஆல் பட் டூ ஆஃப் த பிரிட்ஜஸ் ஆர் ஃபினிஷ்ட்' என்றால் இரண்டைத் தவிர மற்றப் பாலங்கள் முடிந்தன என்று பொருள். 'த பிரிட்ஜ் இஸ் எனிதிங் பட் ஃபினிஷ்ட்' என்றாலோ முடிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. 'பட்' என்பதை முதல் வகுப்பிலிருந்து 'ஆனால்' என்றே படித்து வந்த மாணவர் முதல் வாக்கியத்தையும் மூன்றாவதையும் ஒன்றாகவோ தலைகீழாகவோ கொள்ள இடமுண்டு. செய்தி வாசிப்பில் இது சிறு பிழையாகாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலையில் இருக்கிறதா, முறிந்துவிட்டதா என்பதே மாறிப்போகும்.

இம்மூன்றையும் மூன்று தனிப் பொருள்களாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பழைய ஆங்கிலத்தில் 'பட்' என்ற சொல்லுக்கு 'வெளியே', 'தவிர' என்ற பொருள்கள் இருந்தன. 'ஆனால்' பின்னர் வளர்ந்தது. 'தவிர' இத்தொடர்களில் தங்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டால் பூட்டு திறந்துவிடும். முடிந்தது என்ற கடைசிப் படியைத் தவிர மற்ற எல்லாப் படிகளையும் தாண்டியது என்பதால் 'ஏறத்தாழ'. முடிந்தது என்பதைத் தவிர வேறு எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால் 'இல்லவே இல்லை'. 'நத்திங் பட் டிரபிள்' என்பதும் அதே வழியில் 'தொல்லையைத் தவிர வேறொன்றுமில்லை' ஆகிறது. 'ஆல் பட்' என்பதற்குப் பின் பெயரோ எண்ணோ வந்தால் 'தவிர'. பண்பைக் குறிக்கும் சொல்லோ வினையோ வந்தால் பெரும்பாலும் 'ஏறத்தாழ'. இந்த இரண்டு வரி விளக்கத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவர் தாராளமாகப் புரிந்துகொள்வார்.

'லெட் அலோன்' இன்னொரு வகைச் சிக்கல். சார்லஸ் ஃபில்மோர், பால் கே, மேரி கேதரின் ஓ'கானர் ஆகிய மூவரும் இந்த ஒரே தொடரை முன்வைத்து 1988இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கட்டமைப்பு இலக்கணம் என்ற துறையின் அடிக்கற்களில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது. தமிழருக்கு இதன் பொருள் கடினமில்லை, வரிசைதான் கடினம். 'புத்தகம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு வரிகூட அவனால் வாசிக்க முடியாது' என்கிறோம். பெரியது முன்னும் சிறியது பின்னுமாக வருகிறது. ஆங்கிலம் இதற்கு நேரெதிர்: 'ஹி கேனாட் ரீட் எ லைன், லெட் அலோன் எ புக்'. வரி முதலில், புத்தகம் பிறகு. தமிழ் வரிசையிலேயே ஆங்கில வாக்கியத்தை அமைத்தால் அது பொருந்தாமல் நிற்கும். தொடருக்கு எதிரே ஒற்றைப் பொருளை மட்டும் எழுதும் பட்டியலில் இந்த வரிசை மாற்றத்தைச் சொல்ல இடமே இல்லை.

இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சித்ரா பெர்னாண்டோ 1996இல் வெளியிட்ட நூலில் மரபுத்தொடர்களைப் பயன் நோக்கி மூவகையாகப் பிரித்தார். உலகைப் பற்றிய செய்தியைச் சொல்பவை, பேசுவோருக்கிடையே உறவைப் பேணுபவை, கருத்துகளை ஒன்றோடொன்று இணைப்பவை. நம் கையேடுகள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. வாதத்தின் போக்கைக் காட்டும் மூன்றாம் வகையை அறியாதவர் ஒரு தலையங்கத்தின் சொற்கள் அனைத்தையும் அறிந்திருந்தும், ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத் தவறவிடக்கூடும்.

இந்தக் குறுகிய பார்வை தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. ஹரால்ட் பாமர் 1920களிலும் 30களிலும் டோக்கியோவில் ஆங்கிலக் கல்வி ஆய்வை வழிநடத்தியபோது, 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்தப் பணியில் ஈடுபட்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவருடன் சேர்ந்து தொகுத்த அகராதியை 1942இல் டோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் வெளியிட்டது. 'இடியமேட்டிக்' என்ற சொல் அதன் பெயரிலேயே இருந்தது. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் மறுவெளியீடு செய்தது; நம் மாணவர் பலரும் அறிந்த ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதன் வழிவந்ததே. அந்த முதல் அகராதி பெரிதும் கவலைப்பட்டது, எந்த வினை எந்த அமைப்பில் வரும், எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை உண்டு, எச்சொல் எச்சொல்லோடு கூடும் என்பவற்றைப் பற்றி. அயல்மொழியினரின் தேவையை அன்றே சரியாகக் கணித்தவர்கள் அவர்கள்.

படிமத் தொடர்களைக் கற்பிக்கும் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. 'கிக் த பக்கெட்' என்பதற்கு எதிரே 'இறந்துபோ' என்று எழுதினால் பொருள் வந்துவிட்டது, தரம் வரவில்லை. பிரான்சிஸ் குரோஸ் 1785இல் அதைப் பதிவு செய்தது கொச்சைச் சொற்களுக்கென்றே தொகுத்த அகராதியில். தமிழில் காலமானார், இயற்கை எய்தினார், செத்தான், மண்டையைப் போட்டான் என்பவற்றுள் எதை எங்கே சொல்லலாம் என்பது எந்தத் தமிழ்ச் சிறுவனுக்கும் தெரியும். நன்னூலார் மங்கலம் என்று தனியே வகுத்ததும் இந்தத் தகுதியறிவு கருதியே. ஆகவே அத்தொடருக்கு எதிரே 'மண்டையைப் போடு' என்று எழுதுவதே நேர்மையான பொருள்கூறல். அப்படி எழுதியிருந்தால் எந்த மாணவரும் அதை இரங்கல் கடிதத்தில் சேர்க்கமாட்டார்.

நினைவில் நிறுத்த வழி என்ன? ஃபிராங்க் புர்ஸும் உடன் ஆய்வாளர்களும் பெல்ஜிய மாணவரிடையே நடத்திய ஆய்வுகள், தொடர் எந்தத் துறையிலிருந்து பிறந்தது என்பதை யோசிக்கவைத்தால் நினைவு வலுப்படுவதைக் காட்டின. இது நிறமற்ற சில தொடர்களுக்கும் பயன்படும். 'பொதுவாகப் பார்த்தால்' என்ற பொருளில் வரும் 'பை அண்ட் லார்ஜ்' மாலுமிகளின் சொல். காற்றை எதிர்கொண்டும் காற்றோடு ஒத்தும் கப்பல் செலுத்துவதை அது குறித்தது. எந்தக் காற்றிலும் என்பதே பின்னர் பொதுவாக என்றாயிற்று. 'பைட் த புல்லட்' என்பதன் பின்னணியை அறியவும் குரோஸ் உதவுகிறார். கசையடி வாங்கும் படைவீரர் அலறாமலிருக்கத் துப்பாக்கிக் குண்டைக் கடித்த வழக்கம் அவருடைய அகராதியின் 1796ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. ஆனால் தொடர்களின் பிறப்பைப் பற்றி வழங்கும் கதைகளில் பொய் மிகுதி. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்குச் சொல்லப்படும், கூரை வேய்ந்த வீடுகளிலிருந்து மழைக்காலத்தில் பூனையும் நாயும் வழுக்கி விழுந்தன என்ற கதைக்குச் சான்று இல்லை. ஆசிரியர் சான்றுள்ள வரலாற்றை மட்டும் சொல்ல வேண்டும். நினைவுக்கு உதவும் என்பதற்காகப் பொய்யைக் கற்பிக்கலாகாது.

தாய்மொழி எங்கே துணை, எங்கே இடையூறு என்பதற்கு சூசன் இருஹோ 1986இல் ஸ்பானிய மொழியினரைக் கொண்டு செய்த ஆய்வு நல்ல வழிகாட்டி. இரு மொழியிலும் ஒன்றாக இருக்கும் தொடர்கள் எளிதாக வந்தன. ஓரளவு ஒத்தவை புரிந்தன. ஆனால் சொந்தமாக எழுதும்போது தாய்மொழி குறுக்கிட்டது. இதன்படி 'முதலைக் கண்ணீர்' நமக்குப் பாடமே வேண்டாத தொடர். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பதோ எச்சரிக்கை வேண்டியது. ஆங்கிலத்தில் விழுவது பறவைகள்.

தேர்வுக்குப் படிப்பவரிடம் பட்டியலைக் கைவிடச் சொல்வது நியாயமாகாது. அவர் வேலை அதில் இருக்கிறது. மாறவேண்டியது வினாத்தாள். தொடரைத் தனியே கொடுத்து நான்கு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஐந்தாறு வரிப் பத்தி ஒன்றில் 'ஆல் பட்', 'ஃபார் குட்', 'லெட் அலோன்' போன்றவற்றை அமைத்து, அடுத்து வரத்தக்க வாக்கியம் எது என்று கேட்கலாம். கணினியே திருத்தும் வடிவத்துக்கு இது முழுதும் பொருந்தும். கூடுதல் செலவும் இல்லை. கையேடுகள் வினாத்தாளைப் பின்தொடர்பவை. இவ்வகை வினாக்கள் தொடர்ந்து வரத் தொடங்கினால், மார்ட்டினெஸும் ஷ்மிட்டும் தொகுத்த 505 தொடர்களுக்குத் தமிழ் விளக்கமும், தமிழோடு வரிசை மாறுமிடங்களைச் சுட்டும் குறிப்பும் கொண்ட நூல் ஒன்றை நம் பதிப்பாளர்களே தேடி வந்து வெளியிடுவார்கள்.