சார்லஸின் வலது காது

வாயுவைச் சூடாக்கினால் விரியும் என்ற சார்லஸ் விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர்கள் குறைவு. அந்த ஜாக் சார்லஸ் ஒரே நாளில் இரண்டு முறை வானில் பறந்தார், அதன்பின் 1823ல் இறக்கும் வரை பறக்கவே இல்லை என்பது பாடப்புத்தகத்தில் இருக்காது. காது வலிதான் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு.

1783 டிசம்பர் 1. பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் பெரும் கூட்டம். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேடிக்கை பார்த்தார். சார்லஸும் நிக்கோலா லூயி ராபர்ட்டும் ஹைட்ரஜன் பலூனில் ஏறி, 2 மணி நேரம் பறந்து, சுமார் 36 கி.மீ. தள்ளி நேல் என்ற ஊரில் இறங்கினார்கள்.

அங்கே ராபர்ட் இறங்கிக்கொள்ள, சார்லஸ் மட்டும் மறுபடி கிளம்பினார். ஓர் ஆளின் எடை குறைந்ததும் பலூன் ஜிவ்வென்று சுமார் 3000 மீட்டர் வரை ஏறிவிட்டது. கீழே மறைந்துவிட்ட சூரியன் மேலே மறுபடி தெரிந்தது! அந்த ஆனந்தத்தின் நடுவில்தான் வலது காதுக்குள்ளும் தாடைப் பக்கமும் பயங்கர வலி. கம்பளித் தொப்பியை மாட்டிப் பார்த்தார், பயனில்லை. இறங்க இறங்கத்தான் குறைந்தது.

குளிரும், உடலுக்குள் விரிந்த காற்றும் காரணம் என்று அவர் ஊகித்தார். இரண்டாவது சரியான திசைதான். 3000 மீட்டரில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதமே. செவிப்பறைக்குப் பின்னால் அடைபட்ட காற்று விரிந்து அதை வெளியே தள்ளும். வேடிக்கை என்னவென்றால், இது அவர் பெயரில் உள்ள விதி அல்ல, 1662ல் வந்த பாயில் விதி.

நடுச்செவியைத் தொண்டையோடு இணைப்பது யூஸ்டேஷியன் குழாய். 1937ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஹாரி ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஹெய்மும் இதை அளந்து பார்த்தார்கள். ஏறும்போது காற்று தானாக அதன் வழியே வெளியேறிவிடும். இறங்கும்போது தானாக உள்ளே வராது. விழுங்கியோ கொட்டாவி விட்டோ நாம்தான் திறக்க வேண்டும். அழுத்த வித்தியாசம் 80-90 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் தசைகளாலும் திறக்க முடியாது. பிறகு செவிப்பறை உள்ளே இழுபடும், ரத்தம் கசியும், கிழியவும் கூடும். அதனால் விமானப் பயணிகள் பலருக்கு வலி வருவது இறங்கும்போதுதான். சார்லஸுக்கு வந்தது அபூர்வ வகை.

மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதும் முறையை இத்தாலியின் வால்சால்வா 1704லேயே எழுதிவிட்டார். ஆனால் அவர் சொன்னது காதிலிருந்து சீழை வெளியேற்ற! முக்குளிப்பவர்கள் ஆழத்துக்கு இறங்கும்போது இன்று செய்வது அதைத்தான். சார்லஸுக்கு அது உதவியிருக்காது. மிஞ்சி நின்ற காற்றோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். எச்சிலை விழுங்கிப் பார்த்திருக்கலாம்.